செட்டிநாட்டுப் பழைய வீட்டில் இரண்டு இரவு தங்க: வடசென்னையிலிருந்து கிளம்பும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், கடியாபட்டி ஆகிய ஊர்களில் நூறு ஆண்டுகளை ஒட்டிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகள் சில, இன்று காலை உணவோடு அறை தரும் தங்குமிடங்களாக நடந்து வருகின்றன. பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வயதான அம்மாவையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நாங்கள் அங்கே போய்வந்தோம். போன இடம் மனத்தை நிறைத்தது என்றாலும், போவதற்கு முன் விசாரிப்பதிலும், முன்பணம் கட்டுவதிலும், ரயில் நேரத்தை அறை நேரத்தோடு பொருத்துவதிலும், கடைசியில் ரசீதைப் புரிந்துகொள்வதிலும் பட்ட அலைச்சல் மிக அதிகம். முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அதில் பெரும்பகுதி எங்களுக்கு மிச்சமாகியிருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன். நகரத்து விடுதிகளைப் போல் இவற்றுக்குப் பொதுவான நடைமுறை கிடையாது. ஒவ்வொரு வீடும் தன் வழக்கப்படி நடக்கிறது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கீழே வரும் படிகள் பெரும்பாலும் அதற்காகத்தான்.

1. எந்த வகை வீடு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விடுதி நிறுவனங்கள் எடுத்து நடத்தும் பெரிய வீடுகள் ஒரு வகை. கானாடுகாத்தானில் உள்ள விசாலம், கடியாபட்டியில் உள்ள சிதம்பர விலாஸ் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. வரவேற்பு மேசை, நீச்சல் குளம், அட்டையில் பணம் செலுத்தும் வசதி எல்லாம் இருக்கும். வாடகையும் அதற்கேற்ப இருக்கும். காரைக்குடியில் உள்ள பங்களாவைப் போலக் குடும்பத்தினரே நடத்தும் வீடுகள் இரண்டாம் வகை. இங்கே சமையலுக்குத் தனி மதிப்பு உண்டு. மூன்றாவதாக, நான்கைந்து அறைகளை மட்டும் ஒழுங்குசெய்து, ஒரு மேலாளரையும் ஒரு சமையல்காரரையும் வைத்து நடத்தப்படும் சிறிய வீடுகள் இருக்கின்றன. குறைந்த செலவில் வீட்டுத்தன்மை மாறாமல் தங்க விரும்பும் குடும்பங்களுக்கு இவையே பொருத்தமானவை என்பது என் கருத்து. ஆனால் அதிகமாக விசாரிக்க வேண்டியவையும் இவைதாம்.

பெயர் குழப்பத்தில் கவனமாக இருங்கள். கானாடுகாத்தானில் உள்ள செட்டிநாடு அரண்மனை தங்கும் விடுதி அன்று. ‘செட்டிநாடு’ என்ற சொல்லைத் தாங்கிய பல விடுதிகள் அக்கம்பக்கத்தில் இருப்பதால், தேடும்போது கண்ணில் படும் அரண்மனைப் படமும் நீங்கள் பதிவு செய்யும் அறையும் வேறு வேறு இடங்களாக இருக்கக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. சில இடங்களில் பழைய வீடு பார்வைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமே இருக்கும். தங்கும் அறைகள் பின்புறத்தில் புதிதாகக் கட்டிய கட்டடத்தில் இருக்கும். நாங்கள் முதலில் பேசிய ஓர் இடத்தில் அனுப்பிய படங்கள் எல்லாம் வளவின் (முற்றத்தைச் சுற்றிய பகுதியின்) படங்களாகவே இருந்தன. எங்களுக்கு ஒதுக்கியிருந்த அறையின் படத்தைத் தனியாகக் கேட்ட பிறகுதான் அது வேறு கட்டடம் என்று தெரிந்தது. “நாங்கள் தங்கும் அறை பழைய வீட்டுக்குள் எந்தப் பகுதியில், எத்தனையாவது கட்டில் இருக்கிறது?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

அந்தக் கேள்விக்கு வரும் பதில் புரிய வேண்டுமானால் வீட்டின் அமைப்பு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தெருவை ஒட்டித் திண்ணைகளோடு இருப்பது முகப்பு. உள்ளே வானம் தெரியும் முற்றத்தைச் சுற்றித் தூண்களும் அறைகளும் அமைந்த பகுதி வளவு. அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு. கடைசியில் அடுப்படியும் கிணறும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் இவை என்பதால், முன்வாசலிலிருந்து பின்கட்டு அறைக்கு நடக்கும் தூரமே வயதானவர்களுக்குப் பெரிதாகத் தெரியும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் அந்தக் காலத்தில் ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் ஒதுக்கப்பட்டவை. ஆகையால் அவை சிறியவையாக இருக்கும். வாசல் தாழ்வாகவும் நிலைப்படி உயரமாகவும் இருக்கும். குளியலறைகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை. அறையிலிருந்து இரண்டு படி ஏறியோ இறங்கியோ போகும்படி அமைந்திருப்பதும் உண்டு. மாடி அறைகள் பெரும்பாலும் விசாலமாக இருந்தாலும் மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர் ஒருவர் உங்களோடு வந்தாலும் தரைத்தளத்து அறையை உறுதி செய்யாமல் பணம் கட்ட வேண்டாம்.

2. கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள்

தொலைபேசியில் எடுப்பவர் பெரும்பாலும் அங்கேயே இருக்கும் மேலாளராக இருப்பார். வீட்டு உரிமையாளர்கள் பலர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். வாடகைக் குறைப்பு, சீக்கிரம் அறை தருவது போன்றவற்றை மேலாளரால் தானாக முடிவு செய்ய இயலாது. “ஆச்சியிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்பார். அதைத் தட்டிக்கழிப்பதாக நினைக்காமல், மறுநாள் காலை திரும்ப அழையுங்கள். மதிய உணவு வேளையில் அழைத்தால் அவரே பரிமாறிக்கொண்டிருப்பார். காலை பத்து மணிக்கு மேல் அழைப்பது நல்லது.

பேசி முடித்ததும், பேசியதை அப்படியே வாட்ஸப்பில் அனுப்பி, “சரி” என்ற பதிலைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அனுப்பிய செய்தியின் வடிவம் ஏறக்குறைய இப்படி இருந்தது. வேண்டியதை மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்:

“வணக்கம். இன்ன தேதி முதல் இரண்டு இரவுகளுக்கு, பெரியவர்கள் மூவர், குழந்தைகள் இருவர் வருகிறோம். அம்மாவால் படியேற முடியாது என்பதால் பழைய வீட்டிலேயே தரைத்தளத்து அறைகள் இரண்டு வேண்டும். வாடகை வரியோடு சேர்த்து எவ்வளவு? காலை உணவு எத்தனை பேருக்கு அதில் அடங்கும்? குழந்தைகளுக்கு எந்த வயது வரை கட்டணம் இல்லை? கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு? வண்டி இரவு பத்து மணியளவில் காரைக்குடிக்கு வருகிறது. அந்த நேரத்தில் வாசல் திறந்திருக்குமா, இரவு உணவு கிடைக்குமா? ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன்பு சொன்னால் முன்பணம் முழுவதும் திரும்பும்? மின்தடை வந்தால் அறையின் குளிர்சாதனம் இயங்குமா, விளக்கும் விசிறியும் மட்டும்தானா?”

காலை உணவு பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். ‘காலை உணவோடு அறை’ என்பது பல இடங்களில் அறைக்கு இருவர் என்ற கணக்கில் சொல்லப்படுவது. மூன்றாமவர் சாப்பிடும் இட்லிக்கும் பணியாரத்துக்கும் தனிக் கட்டணம் ரசீதில் வந்து நிற்கும். மின்தடை பற்றிய கேள்வியும் அப்படித்தான்: ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொல்லும் வீட்டில்கூட அது குளிர்சாதனத்தைத் தாங்காமல் போகலாம்.

3. தேதியைத் தேர்ந்தெடுத்தல்

மார்கழி, தை, மாசி மாதங்களில் வெயில் தாங்கும்படி இருக்கும். வாடகை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். சித்திரை, வைகாசியில் வாடகை குறையும், ஆனால் பகலில் ஊர் சுற்ற முடியாது. புரட்டாசி பிற்பகுதி எங்களைப் போன்றவர்களுக்கு நடுவான தேர்வு. மழைக்காலத்தில் முற்றத்தில் மழை கொட்டுவதைப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வளவைச் சுற்றிய தரை வழுக்கும். வயதானவர்கள் வந்தால் தவிர்த்துவிடலாம்.

மேலும், இந்த வீடுகள் இன்னும் அந்தக் குடும்பங்களுக்குச் சொந்தமான வீடுகள். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், குலதெய்வப் படைப்பு போன்ற காரியங்கள் வந்தால் முழு வீடும் குடும்பத்துக்கே போய்விடும், படப்பிடிப்புக்கும் கொடுப்பார்கள். முகூர்த்த நாட்களை நாட்காட்டியில் பார்த்து விலக்கிவிடுங்கள். பொங்கல் முடிந்து வரும் செவ்வாய்க்கிழமையில் நாட்டரசன்கோட்டையில் நகரத்தார் கொண்டாடும் செவ்வாய்ப் பொங்கலின்போதும், விநாயகர் சதுர்த்தியை ஒட்டிய பிள்ளையார்பட்டித் திருவிழாவின்போதும் அந்த வட்டாரத்தில் அறை கிடைப்பது கடினம்.

4. ரயிலும் அறை நேரமும்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான், ஆகையால் விரிவாகவே சொல்கிறேன். அறை தரும் நேரம் பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணி. காலி செய்ய வேண்டிய நேரம் முற்பகல் பதினொன்று. வண்டிகளின் நேரம் இதற்கு ஒத்துவருவதில்லை.

எழும்பூரிலிருந்து பிற்பகலில் புறப்படும் பல்லவன் விரைவு வண்டி இரவு பத்து மணியை ஒட்டிக் காரைக்குடி சேர்கிறது. இருக்கை வசதி மட்டுமே கொண்ட பகல் வண்டி. இரண்டாம் வகுப்பு இருக்கைக் கட்டணம் இருநூறு ரூபாய்க்குள் அடங்கும். செலவு குறைவு, ஆனால் முதல் இரவு வாடகையைக் கொடுத்துவிட்டு வெறும் உறக்கத்துக்கே வீட்டைப் பயன்படுத்துகிறீர்கள். மாலையில் புறப்படும் ராமேசுவரம் வண்டிகளில் படுத்துக்கொண்டு போகலாம். அவை காரைக்குடியை அடையும்போது விடிந்திருக்காது. அந்த நேரத்தில் அறை வேண்டுமானால் முந்திய இரவின் வாடகையைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் நிலையத்தில் காத்திருக்க வேண்டும். குளித்து உடை மாற்றிக்கொள்ள மட்டும் ஓர் அறை தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். சிறிய வீடுகளில் இதற்கு மனமுவந்து சம்மதிக்கிறார்கள்.

பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: காலையில் திருச்சிக்கு ஒரு வண்டியைப் பிடித்து, அங்கே மதிய உணவை முடித்துக்கொண்டு, வாடகைக் காரில் செல்வது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கானாடுகாத்தான் வந்துவிடும். அறை தரும் நேரத்துக்குச் சரியாகப் போய் இறங்கலாம். ஐந்து பேர் என்றால் காரின் செலவும் பெரிதாகத் தெரியாது.

கானாடுகாத்தானை ஒட்டியே செட்டிநாடு என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. எல்லா விரைவு வண்டிகளும் அங்கே நிற்பதில்லை. இரவில் இறங்கினால் ஆட்டோ கிடைப்பதும் அரிது. வீட்டிலிருந்து வண்டி அனுப்புவதாக உறுதி தந்தால் மட்டும் அங்கே இறங்குங்கள். இல்லையேல் காரைக்குடிச் சந்திப்பே பாதுகாப்பு.

எழும்பூருக்குப் போவது பற்றியும் சொல்ல வேண்டும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, மண்ணடி ஆகிய இடங்களில் இருப்பவர்கள் மெட்ரோவில் சென்ட்ரல் வரை சென்று, அங்கே பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே எழும்பூர். மின்தூக்கி இருப்பதால் பெட்டிகளோடும் முதியவர்களோடும் போக இதுவே எளிது. ஆனால் மெட்ரோ காலை ஐந்து மணிக்குத்தான் தொடங்குகிறது. அதிகாலை வண்டி என்றால் முந்திய நாளே ஆட்டோவுக்குச் சொல்லி வைக்க வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் எப்போது வரிசை கட்டும் என்று சொல்ல முடியாது. எழும்பூர் நிலைய மறுசீரமைப்புப் பணி காரணமாகச் சில வண்டிகள் தாம்பரத்திலிருந்து இயக்கப்படுவதும் உண்டு; பயணத்துக்கு முந்திய நாள் ஏறும் நிலையத்தை மறுபடி சரிபாருங்கள். தாம்பரம் என்றால் கடற்கரை நிலையத்திலிருந்து மின்சார ரயில் இருக்கிறது.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு இது 120 நாட்களாக இருந்தது, பழைய கணக்கை நம்பி இருக்க வேண்டாம். முதல் நாளிலேயே பதிவு செய்ய உங்கள் ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். அதை ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவிடுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது; அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பதிவு செய்யும்போது வயதைச் சரியாகக் குறிப்பிட்டு அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். ரயில் உறுதியான பிறகே வீட்டுக்கு முன்பணம் அனுப்புங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

பேருந்தில் போகிறவர்கள் ஏறுமிடத்தைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். தென் மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்திலிருந்துதான் அதிகம் புறப்படுகின்றன. வடசென்னையிலிருந்து அங்கே போய்ச் சேர்வதே பாதிப் பயணம். மாதவரத்திலிருந்து கிளம்பும் பேருந்து கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ஆவணங்கள்

பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் முகவரியோடு கூடிய புகைப்பட அடையாள அட்டை வேண்டும்: ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு ஆகியவற்றில் ஒன்று. பான் அட்டையில் முகவரி இல்லாததால் அதைப் பல இடங்களில் ஏற்பதில்லை. ஆதாரை முழு எண்ணோடு வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னால், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கம் செய்து கொடுங்கள்; ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அது கிடைக்கிறது. குழந்தைகளுக்கு வயதுக் கணக்கில் கட்டணம் மாறும் என்பதால் பிறந்த தேதி தெரியும் ஏதேனும் ஓர் ஆவணத்தின் நகல் கையில் இருக்கட்டும்.

நம் பக்கத்துக் குடும்பங்களில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவினர் இருப்பது சாதாரணம். அவர்களும் உடன் வந்தால் அதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் தங்கினால், தங்குமிடம் நடத்துபவர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியில் தெரிவித்தாக வேண்டும். சிறிய வீடுகள் சிலவற்றில் இந்த ஏற்பாடு இல்லாததால், வந்து இறங்கிய பிறகு அறை தர மறுப்பார்கள். கடவுச்சீட்டு, விசா அல்லது கடல்கடந்த இந்தியர் அட்டை ஆகியவற்றை அசலாகவே எடுத்துவரச் சொல்லுங்கள்.

6. செலவும் வரியும்

நாங்கள் விசாரித்த அளவில், சிறிய வீடுகளில் ஓர் அறை இரண்டாயிரத்துச் சொச்சத்திலிருந்து தொடங்குகிறது. பெயர் பெற்ற பெரிய வீடுகளில் பருவ காலத்தில் பத்தாயிரத்தையும் தாண்டுகிறது. ஆனால் சொல்லும் வாடகையைவிட வரிதான் கணக்கைக் குழப்புகிறது.

2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. அதற்கு மேல் போனால் 18 விழுக்காடு. இதன் பொருளைக் கணக்கிட்டுப் பாருங்கள். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ரூபாய் ஆகிறது. 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ரூபாய் ஆகிவிடுகிறது. வாடகையில் நூறு ரூபாய் ஏறினால் கையிலிருந்து 1,093 ரூபாய் கூடுதலாகப் போகிறது. இரண்டு இரவு, இரண்டு அறை என்றால் 4,372 ரூபாய். உண்மையில் வசூலிக்கும் வாடகையை வைத்தே வரி கணக்கிடப்படுவதால், 7,500-ஐச் சற்றுத் தாண்டிய வாடகை சொன்னால், கொஞ்சம் குறைத்து அந்த வரம்புக்குள் கொண்டுவரும்படி கேளுங்கள். வீட்டுக்காரருக்குச் சிறிய இழப்பு, உங்களுக்குப் பெரிய மிச்சம்; மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். மதிய, இரவு உணவையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னால் அறைக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறிய வீடுகள் இந்த வரிக்குப் பதிவு செய்யாமல் இருக்கலாம். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கக் கூடாது. ரசீதில் வரி போட்டிருந்தால் 15 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் பதிவு செய்த எண் 33 என்று தொடங்கும். அதே சிறிய வீட்டை முன்பதிவுத் தளத்தின் வழியாகப் பதிவு செய்தால், வீட்டுக்காரர் பதிவு செய்யாதவராக இருந்தாலும் தளம் வரியை வசூலித்துச் செலுத்தியாக வேண்டும். ஆகவே இரண்டு வழியிலும் கடைசித் தொகையைக் கேட்டு ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இவை தவிர, மதிய உணவுக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேலும், நாள் வாடகைக் காருக்குத் தனியாகவும் ஒதுக்கி வையுங்கள். காரைக்குடிக்கும் சுற்று ஊர்களுக்கும் ஓடும் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பேருந்து இடைவெளி அதிகம் என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

7. முன்பணம்

தேடுபொறி காட்டும் முதல் தொலைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். பெயர் பெற்ற தங்குமிடங்களின் பெயரில் போலி எண்களைப் பதிந்து முன்பணம் பறிப்பது நாடெங்கும் நடக்கிறது. வீட்டின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணையும் நீங்கள் பேசும் எண்ணையும் ஒப்பிடுங்கள். பணம் அனுப்பும்போது திரையில் தெரியும் கணக்குப் பெயர் வீட்டின் பெயராகவோ, உங்களுக்குச் சொல்லப்பட்ட உரிமையாளர் பெயராகவோ இருக்க வேண்டும். தொடர்பில்லாத ஒரு பெயர் வந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஓர் இரவு வாடகைக்கு மேல் முன்பணம் கேட்டால் நான் தயங்குவேன். பணம் போய்விட்டது என்று சந்தேகம் எழுந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்கு முன் கணக்கை முடக்க அந்தச் சிறிது நேரமே உதவும்.

8. வீட்டுக்குள் வந்த பிறகு

அறைக்குள் பெட்டியை வைப்பதற்கு முன், குளியலறையில் வெந்நீர், கதவுத் தாழ், கொசுவலை அல்லது கொசுவிரட்டி ஆகிய மூன்றையும் பார்த்துவிடுங்கள். அறையை மாற்ற வேண்டுமானால் அப்போதே கேட்பதுதான் எளிது. தடித்த சுவர்களால் கைப்பேசித் தொடர்பு அறைக்குள் குறையும். முதியவர்கள் தனி அறையில் படுத்தால் இரவில் அழைக்க என்ன வழி என்று மேலாளரிடம் கேட்டு வையுங்கள்.

செருப்பை முகப்பிலேயே விட வேண்டும். பூட்டியிருக்கும் அறைகளில் குடும்பத்தின் பாத்திரம் பண்டங்களும் சாமி அறையும் இருக்கும். திறக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஆத்தங்குடியில் செய்யும் தரைக்கல் பதித்த தரை ஈரம் பட்டால் வழுக்கும். குழந்தைகளைக் குளித்த காலோடு ஓட விடாதீர்கள். பின்கட்டில் கிணறு இருந்தால் மூடியிருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். இந்த எச்சரிக்கைகளுக்கு நடுவே ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களோடு பழகி வளர்ந்தவர்கள், வளவில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்க்க ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். அவசரமாகப் பார்த்துவிட்டு வரக்கூடியவை அல்ல அவை.

சாப்பாட்டை முந்திய நாளே சொல்ல வேண்டும் என்பது எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரே விதி என்று சொல்லலாம். கவுனி அரிசி இரவெல்லாம் ஊற வேண்டும். வெள்ளைப் பணியாரத்துக்கும் கந்தரப்பத்துக்கும் அரிசியும் பருப்பும் ஊறவைத்து அரைக்க வேண்டும். கோழியும் மீனும் காலையில் சந்தைக்குப் போனால்தான் கிடைக்கும். காலையில் எழுந்து கேட்டால் இட்லியும் பொங்கலும்தான் வரும். போய்ச் சேர்ந்த மாலையே சமையல்காரரிடம் நேரில் பேசுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, உப்பு குறைவாக வேண்டும் என்று நாங்கள் சொன்னதும், அவருக்கென்று தனியாக ஒரு குழம்பு வைத்துக் கொடுத்தார்கள். இந்த அக்கறை கேட்டால்தான் கிடைக்கும், கேட்டால் நிச்சயம் கிடைக்கும். வெள்ளிக்கிழமையிலும் விரத நாட்களிலும் அசைவம் சமைக்காத வீடுகள் உண்டு. அதை முன்பே அறிந்து நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

9. சுற்றிப் பார்க்க

ஒரு நாள் கார் போதும். காலையில் பிள்ளையார்பட்டி, பிறகு ஆத்தங்குடியில் பெரிய வீடும் தரைக்கல் செய்யும் பட்டறையும், மாலையில் திருமயம் கோட்டை என்று வைத்துக்கொள்ளலாம். நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் வரிசையை மாற்ற வேண்டாம். கார் வாடகையில் ஓட்டுநர் படி அடங்குமா என்று ஏறும் முன்பே கேளுங்கள்.

10. கிளம்பும் நாளும் ரசீதும்

பல்லவனில் திரும்புவதாக இருந்தால் அது விடிவதற்கு முன்பே காரைக்குடியை விட்டுப் புறப்பட்டுவிடும். அந்த நாளின் காலை உணவுக்கு நீங்கள் பணம் கட்டியிருந்தும் சாப்பிட முடியாது. இட்லியோ சப்பாத்தியோ கட்டித் தரும்படி முந்திய இரவு சொல்லி வைத்தால் செய்து தருகிறார்கள். காருக்கும் அப்போதே சொல்லிவிட வேண்டும். கணக்கையும் முந்திய இரவே முடித்துக்கொள்ளுங்கள். அதிகாலை நான்கு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ரசீதைப் படிக்க யாராலும் முடியாது.

ரசீதில் பார்க்க வேண்டியவை: முன்பணம் கழிக்கப்பட்டிருக்கிறதா, காலை உணவு இரண்டாவது முறை ஏறியிருக்கிறதா, கூடுதல் படுக்கை எத்தனை இரவுக்கு, வரி எந்த விகிதத்தில். ‘சேவைக் கட்டணம்’ என்று தானாக ஒரு தொகை சேர்க்கப்பட்டிருந்தால் அதை நீக்கச் சொல்லலாம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி விடுதிகளும் உணவகங்களும் அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது. சமையல்காரருக்கும் வேலை செய்தவர்களுக்கும் நீங்கள் விரும்பித் தருவதைக் கையில் கொடுங்கள்.

சொன்னதற்கு மாறான அறை தந்து, முன்பணத்தையும் திருப்பித் தராமல் இழுத்தடித்தால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே தீரும். தீராவிட்டால் சிவகங்கைக்கோ புதுக்கோட்டைக்கோ அலைய வேண்டிய தேவை இல்லை. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. நமக்குச் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. சிக்கல் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வாட்ஸப் செய்திகள், பணம் அனுப்பிய விவரம், ரசீது, அறையின் படங்கள் ஆகியவற்றை அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.